மெஷின் சரி, அதன் கயிற்றை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னை ஏற ஆள் கிடைப்பதில்லை, மெஷின் வந்துவிட்டது, பெண்கள்கூட ஏறுகிறார்கள், ஆறே நாள் பயிற்சி போதும் என்று உங்கள் விவசாயப் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது செய்தி வருகிறது. எல்லாம் உண்மைதான், நானும் அப்படிப் பயிற்சி எடுத்தவன்தான். ஆனால் அந்தச் செய்திகளில் மெஷினின் விலை வரும், ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறலாம் என்ற கணக்கு வரும், அந்த மெஷினை மரத்தோடு பிடித்து வைத்திருக்கும் கயிறு மட்டும் வராது. பல வருடமாக அந்தக் கயிற்றை நம்பி மரத்தில் நிற்கிறவன் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு போடுங்கள்.

ஆனைமலைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா காலில் மாட்டுகிற தளைக்கயிறு போட்டு ஏறினார், நானும் பதினேழு வயதில் அப்படித்தான் ஆரம்பித்தேன். 2013ல் மெஷினுக்கு மாறினேன். காலையில் தேங்காய் வெட்டு, மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் சுற்றுவட்டார ஆட்களின் மெஷினுக்கு ரிப்பேர் வேலை. மிதி உடைந்தால் வெல்டிங், ரப்பர் போனால் ரப்பர், கொக்கி வளைந்தால் நிமிர்த்துவது. கயிறு மாற்றச் சொல்லி இதுவரை ஒருத்தர்கூட வந்ததில்லை. வேறு எதற்காகவோ வருவார்கள், நான் கயிற்றைப் பார்த்துவிட்டு "இதை வச்சுட்டு ஏறாதீங்கண்ணா" என்பேன். பாதிப் பேர் கேட்பார்கள், பாதிப் பேர் "இந்த வெட்டு முடியட்டும்" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மெஷினைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அதிகம் ஓடுவது செம்பேரி மாடல். கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி உருவாக்கியது, அவருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். இடது காலுக்கு ஒரு இரும்புச் சட்டம், வலது காலுக்கு ஒரு சட்டம். ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் ஒரு கம்பிக் கயிறு, ஒயர் ரோப் என்போம், மரத்தைச் சுற்றி வந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளும். மிதியில் பாரம் விழுந்தால் அந்த வளையம் மரத்தை இறுக்கும், காலைத் தூக்கினால் தளரும். இறுகின காலில் நின்றுகொண்டு தளர்ந்ததை மேலே தள்ளு, அப்புறம் அதில் நின்றுகொண்டு இதைத் தள்ளு. அவ்வளவுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்கார்ந்து ஏறுகிற மாதிரி ஒன்று செய்திருக்கிறது, அதில் மேல் சட்டம், கீழ்ச் சட்டம் என்று அமைப்பு வேறு. நான் சொல்வது கயிறு வளையம் போட்ட மாடல்களைப் பற்றி.

ஆக, நாற்பது அடி உயரத்தில் ஆள் நிற்பது இரும்பில் இல்லை. விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பிக் கயிற்றில்.

போன ஆடி மாதம், காற்று நன்றாக அடிக்கிற நேரம், என் மச்சினன் ஒரு தோப்பில் ஏறிக்கொண்டிருந்தான். நான் நாலு மரம் தள்ளி அடுத்த வரிசையில் இருந்தேன். டப் என்று ஒரு சத்தம், மட்டை விழுந்த சத்தம் மாதிரியே இல்லை, பைக்கில் கிளட்ச் கேபிள் அறுந்தால் வருமே அந்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் அவன் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறான், இடது கால் மெஷின் பாதத்திலிருந்தே தலைகீழாகத் தொங்குகிறது. "மாமா, கயிறு விட்டுருச்சு" என்று மட்டும் சொன்னான், அதற்கு மேல் குரல் வரவில்லை. முப்பது அடி இருக்கும். வலது பக்க வளையமும் இடுப்பு பெல்ட்டும்தான் அவனைப் பிடித்து நிறுத்தின. நான் இறங்கி ஓடி, இன்னொரு ஆளையும் கூப்பிட்டு, அவனைக் கீழே கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. நெஞ்சிலும் முழங்கையிலும் தோல் உரிந்ததோடு போயிற்று. அன்றைக்குப் பெல்ட் போடாமல் ஏறியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். பெல்ட் போடாமல் ஏறுகிறவர்கள்தான் இங்கே அதிகம், வேகம் குறைகிறது என்பார்கள்.

அன்று மாலை அந்தக் கயிற்றைக் கொட்டகையில் வைத்து அவிழ்த்தேன். இந்தக் கயிற்றுக்கு மேலே ரப்பர் குழாய் போர்த்தியிருப்பார்கள், மரத்தில் வழுக்காமல் பிடிக்கவும் மரத்தைக் காயப்படுத்தாமல் இருக்கவும். வெளியே பார்த்தால் அந்த ரப்பர் நன்றாகத்தான் இருந்தது, அங்கங்கே தேய்ந்து பளபளப்பு, அவ்வளவுதான். பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்ததும் மிளகாய்த்தூள் மாதிரி செந்நிறப் பொடி கொட்டியது. உள்ளே அறுந்த கம்பிகள் முள்ளு முள்ளாக நிமிர்ந்து நின்றன. அறுந்த முனையைப் பார்த்தால் பாதிக் கம்பிகளில் துரு ஏறிக் கறுத்திருந்தது, மீதிப் பாதிதான் வெள்ளையாக மின்னியது. அப்படியென்றால் கறுத்த பாதி எப்போதோ அறுந்துபோய்விட்டது, வெள்ளையாக இருந்ததுதான் அன்றைக்கு அறுந்தது. எத்தனை நாளாக அவன் பாதிக் கயிற்றில் ஏறினான் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய மெஷினை அதற்கு ஒரு மாதம் முன்னால் நானே மிதிக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்தேன், ரப்பருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

கயிறு ஏன் தேய்கிறது என்று அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு தள்ளுக்கு ஒரு அடி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது அடி மரத்துக்கு ஒவ்வொரு வளையமும் ஏறும்போது நாற்பது தடவை, இறங்கும்போது நாற்பது தடவை, ஆக எண்பது தடவை இறுகித் தளர்கிறது. நாளைக்கு நாற்பது மரம் என்றால் 3,200. மாதம் இருபது நாள் வேலை என்றால் 64,000. இது ஒரு மாதத்துக்கு, ஒரு கயிற்றுக்கு. வெறும் கையில் ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் எத்தனையாவது தடவை முறியும் என்று எல்லோருக்கும் தெரியும். கம்பிக் கயிறு என்பது நூல் மாதிரி மெல்லிய கம்பிகளைப் புரியாக முறுக்கி, அந்தப் புரிகளை மறுபடி ஒன்றாக முறுக்கியது, அதனால்தான் அது வளைகிறது, அதனால்தான் ஒவ்வொரு கம்பியாகச் சத்தம் இல்லாமல் அறுகிறது. முழுக் கயிறும் ஒரே நாளில் அறுவதில்லை.

தென்னம்பாளையைச் சீவி நீரா என்கிற புளிக்காத சாறு இறக்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள். 2017ல் தமிழக அரசு நீராவுக்கு அனுமதி கொடுத்த பிறகு எங்கள் பக்கம் சில தோப்புகளில் இறக்குகிறார்கள். தேங்காய்க்கு ஒரு மரம் ஐம்பது அறுபது நாளைக்கு ஒரு தடவை. நீராவுக்குத் தினமும் காலையும் மாலையும். மழை பெய்தாலும் பாளை காத்திருக்காது, ஏறித்தான் ஆகவேண்டும். ஈர மரம், ஈரக் கயிறு.

எங்கே அறுகிறது என்பதுதான் முக்கியம். மரத்தின் முதுகுப் பக்கம் உரசுகிற இடத்தில் இல்லை, அங்கே ரப்பர்தான் தேய்கிறது. கயிறு இரும்புக்குள் நுழைகிற இடத்தில், கொக்கியில் மடங்குகிற இடத்தில், முனையைப் பிடித்து நசுக்கியிருக்கிற குழாய்ப்பூட்டுக்குச் சரியாக அரை அங்குலம் வெளியே. நான் கழித்துப் போட்ட கயிறுகள் எல்லாமே இந்த மூன்று இடங்களில் ஒன்றில்தான் போயிருக்கின்றன. கிரேன் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கம்பிக் கயிறு ஓடுகிற உருளை அந்தக் கயிற்றின் தடிமனைப் போல பதினெட்டு இருபது மடங்காவது விட்டம் உள்ளதாக இருக்கவேண்டும், சின்ன வளைவில் மடங்கினால் கயிற்றின் ஆயுள் போய்விடும் என்று. நம் மெஷினில் அது கட்டைவிரல் பருமன் உள்ள இரும்பில் மடங்குகிறது. ஆளின் எடை மட்டும் இல்லை, மரத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிதியில் நிற்பதால் நெம்புகிற விசையும் அந்த மடிப்பில்தான் சேர்கிறது.

இதோடு இன்னொன்று. தென்னை மரம் அடியில் கொஞ்சம் பருத்திருக்கும், அதற்கு மேல் உச்சி வரைக்கும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. ஒரு தோப்பில் ஒரே வயது மரங்கள் என்றால் எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால் கயிற்றை ஒரு அளவில் மாட்டினால் மாதக் கணக்கில் அதே அளவுதான். இரும்பு கயிற்றைக் கடிக்கிற இடம் மாறுவதே இல்லை. வேப்பமரமோ புளியமரமோ என்றால் ஒவ்வொரு கிளைக்கும் கயிற்றின் நீளம் மாறும், தேய்மானம் பரவும். தென்னையில் மொத்தத் தேய்மானமும் அந்த நாலு விரற்கடையில். மீதிக் கயிறு புதுசு மாதிரி இருக்கும், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

ரப்பர் செய்கிற வேலையையும் சொல்லவேண்டும். மரத்தைக் காக்கிறது, பிடிப்புக் கொடுக்கிறது, ஆனால் மழைத்தண்ணீர் ஒரு முனை வழியாக உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. உள்ளேயே நின்று துருப்பிடிக்கிறது. கடலோரத்தில், பட்டுக்கோட்டை பேராவூரணி பக்கம், உப்புக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரப்பர் முடிகிற இடத்தில் காவி நிறத்தில் கசிவு தெரிந்தால் உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தயவுசெய்து அதைத் துடைத்துவிட்டு ஏறாதீர்கள்.

அப்புறம் மாற்றுக் கயிறு. மெஷினோடு வந்த கயிறு போனால் அதே கயிறு வாங்க எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர் ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கேட்டால், போர்வெல் மோட்டார் தொங்கவிடுகிற ஒயர் ரோப்பை அளந்து வெட்டிக் கொடுப்பார்கள். ஒருத்தருக்கு அப்படித்தான் கொடுத்திருந்தார்கள், வேறு ரிப்பேருக்கு மெஷினைக் கொண்டுவந்தபோது பார்த்தால் இரண்டு மாதத்திலேயே புரி பிரிந்திருந்தது. கடைக்காரர்மேல் தப்புச் சொல்ல மாட்டேன், அவர் மோட்டாருக்கு விற்கிற கயிறு அது. மோட்டார் ஒரு தடவை இறங்கினால் வருடக் கணக்கில் ஆடாமல் தொங்கும், நம் கயிறு நாளைக்கு மூவாயிரம் தடவை மடங்கும். இரண்டும் ஒன்றில்லை. மெல்லிய கம்பிகள் நிறைய சேர்த்து முறுக்கிய, நன்றாக வளைகிற ரகம்தான் இதற்கு வேண்டும்.

கயிற்றை வாங்கி முனையை யூ கிளாம்ப் போட்டு முறுக்குவதிலும் ஒரு தப்பு எல்லோரும் செய்கிறார்கள். கிளாம்பில் யூ மாதிரி வளைந்த கம்பி ஒரு பக்கம், பள்ளம் வெட்டின அடிக்கட்டை ஒரு பக்கம். பாரம் தாங்குகிற நீளக் கயிறு அந்தப் பள்ளத்தில் உட்காரவேண்டும், வெட்டின முனைப் பக்கம்தான் யூ கம்பி விழவேண்டும். தலைகீழாகப் போட்டால் யூ கம்பி பாரக் கயிற்றையே நசுக்கிக் கடித்துவிடும். ஒரே ஒரு கிளாம்ப் போட்டு, அதையும் தலைகீழாகப் போட்டு, பலம் போதும் என்று ஏறுகிறவர்களை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். ஒன்று போதவே போதாது.

இதெல்லாம் கம்பிக் கயிறு. இடுப்பு பெல்ட்டோடு வருகிற நைலான் கயிற்றுக்கு வருகிறேன், என் மச்சினனைக் காப்பாற்றிய கயிறு. அதில் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு லாக் இருக்கும், உள்ளே பல் வைத்த ஒரு நாக்கு கயிற்றை அழுத்திப் பிடிக்கும். விழுந்த வேகத்தில் அந்தப் பல் கயிற்றின் மேல் உறையைக் கிழித்து, உள்ளே இருக்கிற வெள்ளை நூல்கள் வெளியே வந்திருந்தன. கயிறு அறவில்லை, ஆனால் அதை அன்றைக்கே வெட்டி அடுப்பில் போட்டோம். இதைப் பற்றிச் சென்னையில் பெரிய மரங்களில் கயிறு கட்டி ஏறிக் கிளை கழிக்கிற வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கேட்டேன். அவர்கள் ஏறுவது முழுக்கக் கயிற்றிலும், கயிற்றைப் பிடிக்கிற கருவிகளிலும்தான், எங்களைவிட இந்த விஷயத்தில் அவர்களுக்கு அனுபவம் அதிகம். அவர் சொன்னதும் நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இது. அவர்கள் பயன்படுத்துகிற நல்ல கயிறு 2,200 கிலோ இழுவை தாங்கும் ரகம். ஆனால் பல் வைத்த பிடிப்பானை அதில் மாட்டி இழுத்தால் 400 முதல் 600 கிலோவுக்குள்ளேயே உறை கிழிந்துவிடும். எழுபது கிலோ ஆளுக்கு 400 கிலோ எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். கயிற்றைத் தொளதொளவென்று விட்டுவிட்டு நாலடி விழுந்து நின்றால் அந்த இழுவை வரும். அதனால் பெல்ட் கயிறு எப்போதும் இறுக்கமாக, இடுப்புக்கு மேலேயே இருக்கவேண்டும், பாதத்துக்குப் பக்கத்தில் தொங்கக்கூடாது.

அவர் சொன்னதில் ஒன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கருவி வருவதற்கு முன்னால் அவர்கள் தொழிலில் முடிச்சுதான். ஒரு சின்னக் கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றினால் பாரம் விழும்போது பிடிக்கும், பாரம் போனால் நகரும். பிரசிக் முடிச்சு என்று பெயர், ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் பிரசிக் 1931ல் வெளியிட்டது. முடிச்சு பிடித்தால் பல சுற்றில் பரவிப் பிடிக்கிறது, தேய்வதும் பெரும்பாலும் அந்தச் சின்ன வளையம்தான், அதை மாற்ற முழுக் கயிற்றையும் மாற்றுகிற அளவுக்குச் செலவு ஆகாது. கருவி அப்படி இல்லை. இரும்பும் அலுமினியமும் கயிற்றைவிடக் கெட்டி, அது சுலபத்தில் தேயாது, அதன் பங்குத் தேய்மானத்தையும் சேர்த்து முக்கியக் கயிறு ஏற்றுக்கொள்கிறது. போதாததுக்கு, மண்ணும் மரத்தூளும் ஒட்டின கயிறு ஓடி ஓடிக் கருவியில் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்தின் ஓரம் கத்தி மாதிரி கூராகி, அப்புறம் அந்தக் கருவியே கயிற்றை அறுக்கும். வேகமாக இறங்கினால் சூடு வேறு. கயிறு பளபளவென்று கண்ணாடி பூசின மாதிரி ஆகி, விரலால் வளைத்தால் விறைப்பாக இருந்தால் அந்த இடம் உருகியிருக்கிறது என்று அர்த்தம். நைலான் சுமார் 220 டிகிரியில் உருகும். கடையில் மலிவாகக் கிடைக்கிற வண்ண வண்ண பிளாஸ்டிக் கயிறு, பாலிபுரொப்பிலீன், 160 டிகிரிப் பக்கத்திலேயே உருகிவிடும், வெயிலில் கிடந்தால் சீக்கிரம் பொடிப்பொடியாக உதிரவும் செய்யும். அந்தக் கயிற்றைப் பெல்ட்டில் கட்டி ஏறுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மாடு கட்டுகிற கயிறு அது.

மெஷினே வேண்டாம், பழைய தளைக்கயிறே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவின் நெஞ்சும் முழங்கால் உள்பக்கமும் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும், மரச்செதில் உரசி உரசித் தோல் யானைத்தோல் மாதிரி காய்த்திருந்தது. மெஷின் வந்ததால்தான் நான் நாற்பது வயதுக்கு மேலும் ஏறுகிறேன். ஆனால் தளைக்கயிற்றில் ஒன்று இருந்தது. அது கையில் புழங்கின கயிறு. அப்பா தினமும் ஏறுவதற்கு முன்னால் அதைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு கையாலும் இழுத்து, முறுக்கைத் திருப்பிப் பிரித்து உள்ளே பார்ப்பார். நார் சிலும்பினால் கையில் குத்தும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே புதுசு திரிப்பார். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பனையேறிகளும் தளைநாரை அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் ஒரே நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கயிற்றைச் செய்கிறவனும் அதில் ஏறுகிறவனும் ஒரே ஆள். மெஷின் வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. இரும்பு கெட்டியாக இருக்கிறது, பெயின்ட் பளபளக்கிறது, கயிறு ரப்பருக்குள் ஒளிந்திருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

நான் எடுத்த பயிற்சியில் மெஷினை மாட்டுவது, ஏறுவது, இறங்குவது, முற்றிய காய் எது, கொண்டை சுத்தம் செய்வது, காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு எல்லாம் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் மெஷினைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். கயிற்றை எப்போது கழிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011லிருந்து 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று இந்தப் பயிற்சியை நடத்துகிறது, ஏறுகிறவர்களுக்குக் கேர சுரக்ஷா என்று விபத்துக் காப்பீடும் வைத்திருக்கிறது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் செம்பேரி மாடலுக்கென்றே ஒரு பாதுகாப்பு இணைப்பைச் செய்திருக்கிறது. இவ்வளவு செய்கிறவர்களுக்கு, பயிற்சியில் அரை நாள் கயிற்றுக்கு ஒதுக்குவது பெரிய காரியம் இல்லை. மெஷினோடு ஒரு ஜோடி மாற்றுக் கயிறும், அந்தக் கயிற்றில் மாட்டின தேதியை எழுதிவைக்க ஒரு தகடும் கொடுக்கவேண்டும். அந்தக் கயிறு எங்கள் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ, வட்டார வேளாண் விரிவாக்க மையங்களிலோ காசு கொடுத்தாலாவது கிடைக்கவேண்டும். மெஷின் செய்கிறவர்கள் ரப்பரை நிரந்தரமாக ஒட்டாமல், கழற்றிப் பார்க்கிற மாதிரி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். கயிறு இரும்பில் மடங்குகிற இடத்தில் இன்னும் அகலமான வளைவு கொடுத்தால் மீதியில் பாதியும் தீரும்.

தோப்புக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆள் கிடைக்கவில்லை என்று எங்களைத் தேடி வருகிறீர்கள், மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறீர்கள், சரி. ஏறுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் கயிற்றைப் பார்க்கச் சொல்லி நில்லுங்கள். "சீக்கிரம் ஏறுப்பா, லாரி வந்துரும்" என்று சொல்லாதீர்கள். மச்சினன் அன்றைக்கு வேகமாக ஏறியதற்குக் காரணம் லாரிதான்.

என் கூட ஏறுகிறவர்களுக்கு, பழைய துணி ஒன்றைக் கயிற்றின்மேல் சுற்றி மெதுவாக இழுங்கள், கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது. பூட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் நான் அந்தக் கயிற்றைக் கழித்துவிடுகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். புதிதில் இருந்த தடிமனைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கழிக்கவேண்டும் என்பது கிரேன்காரர்களின் பழைய கணக்கு, நாம் அதுவரைக்கும்கூடக் காத்திருக்கவேண்டாம். மடிந்து முறுக்கு விழுந்த கயிற்றைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள், அது நிமிர்ந்த மாதிரி தெரியும், உள்ளே முறிந்திருக்கும். பெல்ட் கயிற்றைச் சில வாரத்துக்கு ஒரு தடவை முனை மாற்றிக் கட்டுங்கள், லாக் கடிக்கிற இடம் மாறும். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பெல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். முதல் மரத்தில் ஏறின உடனே இரண்டு அடி உயரத்திலேயே நின்று, ஒவ்வொரு காலாக முழுப் பாரத்தையும் போட்டுக் குதித்துப் பாருங்கள். அறுவதாக இருந்தால் அங்கேயே அறட்டும்.

மச்சினன் இப்போது திரும்ப ஏறுகிறான். புதுக் கயிறு, ரப்பரை நான் இரண்டு இடத்தில் வெட்டி ஜன்னல் மாதிரி திறந்து வைத்திருக்கிறேன், மூடிப் போட நாடா. தினமும் காலையில் நானே பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், பரவாயில்லை.

இதுவரை கழித்த பதினாலு கயிறுகளையும் ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ரப்பரோடு நெடுக வெட்டி, அறுந்த இடம் தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறேன். பயிற்சி நடத்துகிறவர்கள் யாராவது கூப்பிட்டால் அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு என் செலவிலேயே வருகிறேன். வகுப்பெல்லாம் எடுக்கத் தெரியாது. கயிறுகளை ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்து, துணியால் இழுத்துப் பார்க்கச் சொல்வேன். முகவரி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை ஏறும் தொழிலாளி ஒருவர்,
ஆனைமலை வட்டாரம்